கனகசுந்தரம் அண்ணனின் பதினெட்டு பைட்டுகள்

கனகசுந்தரம் அண்ணனைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும், "நல்ல மனுஷன், வாயைத் திறக்க மாட்டாரு" என்றுதான் சொல்வார்கள். அந்த இரண்டாவது பாதி சுத்தப் பொய். கணினி சம்பந்தமாக ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், சாப்பாட்டு நேரம் முடிந்து மேலாளர் கதவை எட்டிப் பார்க்கும்வரை விடமாட்டார். சொந்த விஷயம் என்று வந்தால்தான் வாயில் பூட்டு. நான் கணக்குப் பிரிவு. கணினிப் பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். ஒரே ஆளுக்குத் தனி அறை கொடுக்க மனமில்லாமல் என் அறையின் மூலையில் அவருக்கு ஒரு மேசை போட்டுவிட்டார்கள். அன்று முதல் நாங்கள் இருவரும் ஒரே குளிர்சாதனத்தின் கீழ் நடுங்கிக்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் வேலை செய்வது சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பாமாயில் என்கிற செம்பனை எண்ணெய் சேமித்து வைக்கும் கிடங்கில். வெளியே பெரிய பெரிய தொட்டிகள். ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் ஒரு கருவி இருக்கிறது. எண்ணெய் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அது ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். எழுத்தாக அனுப்பாது, வெறும் பைட்டுகளாக அனுப்பும். அவற்றைப் படித்து, மனிதர்களுக்குப் புரிகிற எண்ணாக மாற்றும் நிரலை எழுதியவர் அண்ணன்.

நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவருடைய திரையை எட்டிப் பார்த்துவிட்டு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"என்னண்ணே இது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு? இதுல எது சூடு, எது அளவுன்னு எப்படித் தெரியும்?"

"பார்த்தாத் தெரியாது ஷாமளா. அதுல பேரு எதுவும் இருக்காது. இங்க முடியுது, அங்க ஆரம்பிக்குதுன்னு கோடு கூட இருக்காது. எழுதுறவன் முதல்ல ஒரு முழு எண், அதுக்கு நாலு பைட், அப்புறம் ஒரு தசம எண், அதுக்கு எட்டு பைட்னு எழுதியிருந்தா, படிக்கிறவனும் அதே வரிசையில, அதே அளவுலதான் எடுக்கணும். ஒரு பைட் கூடக் குறைய எடுத்தா அங்கேருந்து எல்லாம் குப்பை. அதுல கொடுமை என்னன்னா, தப்பா எடுத்தாலும் ஏதாவது ஒரு எண் வரும். தப்புன்னு கம்ப்யூட்டர் சொல்லாது."

"அப்ப எழுதுறவரும் படிக்கிறவரும் முன்கூட்டியே பேசி வச்சுக்கணும், அப்படித்தானே?"

"ஓம்," என்றார்.

அவருடைய குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வேயில் குமாஸ்தா வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. மற்றதெல்லாம் எங்களைப் போலத்தான் பேசுவார், ஆமாம் என்பதற்குச் சொல்லும் அந்த ஓம் மட்டும் போகவில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் நான் கோயிலில் நிற்பதுபோல் கைகூப்பிக் காட்டுவேன். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.

அண்ணன் பக்கத்து ஊரான மாசாயில் ஒரு வரிசை வீட்டில் தனியாக இருக்கிறார். அவருடைய மனைவி ஞானேஸ்வரி அக்கா புற்றுநோயில் இறந்துபோனார். ஒரே மகன் ரூபேந்திரன், வீட்டில் ரூபன், சிங்கப்பூரில் பொறியாளர். அக்கா போன ஐந்தாம் மாதம் ரூபன் வீட்டுக்கு வந்து, தர்மினி என்ற பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னான். அங்கே அவர்களுக்கு அடுக்குமாடி வீடு ஒன்று கிடைத்திருந்தது. கல்யாணத்தைச் சீக்கிரம் பதிந்தால்தான் வீடு நிலைக்கும். அண்ணன், "அம்மாவுக்கு ஆட்டைத் திவசம் முடியட்டும்" என்றார். இறந்து ஒரு வருடம் முடிந்து செய்கிற திவசம் அது. அதுவரை வீட்டில் நல்ல காரியம் செய்வதில்லை என்பது அவர்கள் வழக்கம். வீடு ஒரு வருடம் காத்திருக்காது என்றான் மகன். அம்மாவுக்காக நீ காத்திருக்க மாட்டாயா என்றார் அப்பா. பதிவுக்கு அவர் போகவில்லை. புதுவீட்டுக்கு அழைப்பு அட்டை வந்தது, அதற்கும் போகவில்லை. அதோடு பேச்சு நின்றுவிட்டது. இரண்டு பேர் மேலும் தப்பு சொல்ல முடியாது, அதுதான் எனக்கு எரிச்சல். ஒருவராவது அயோக்கியராக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்ததே ஒரு சந்தேகத்தால்தான். ஆறு மணிக்கு எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அண்ணன் மட்டும் ஏழு, ஏழே காலுக்குத்தான் மோட்டார் சைக்கிளைக் கிளப்புவார் என்று காவலாளி சொன்னார். கூடுதல் நேரச் சம்பளமும் கேட்பதில்லை. சம்பளம் கேட்காமல் உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பார்த்தால் கணக்குப் பிரிவுக்குத் தூக்கம் வருமா? ஒருநாள் நானும் கிளம்பாமல் உட்கார்ந்தேன். அவர் திரையில் தொட்டிகள் எதுவும் இல்லை. இரண்டே இரண்டு விஷயம்தான் இருந்தது. சூடு இருபத்தொன்பது. விளக்கு, இல்லை. ஏழு மணி சுமாருக்கு அந்த 'இல்லை' மாறி 'ஆம்' என்று வந்தது. அண்ணன் கணினியை அணைத்துவிட்டுத் தலைக்கவசத்தை எடுத்தார்.

"யார் வீட்டு விளக்குண்ணே?" என்று வழியை மறித்தேன். பதில் சொல்லாமல் அவரால் வெளியே போக முடியவில்லை.

ரூபன் முதன்முதலில் சிங்கப்பூர் போனபோது அப்பாவும் மகனும் விளையாட்டாகச் செய்த சின்னப் பெட்டி அது. சோப்புப் பெட்டி அளவுதான். அறை எவ்வளவு சூடு, விளக்கு எரிகிறதா என்று பார்த்து, இணையத்தில் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். அப்பா இங்கிருந்து அந்தக் கோப்பைப் படிப்பார். எந்த வரிசையில் எழுதுவது என்பதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து இருவரும் பேசி முடித்திருந்தார்கள். முதலில் பதிப்பு எண், ஒரு பைட். அடுத்து நேரம், எட்டு. சூடு, நாலு. கடைசியில் விளக்கு, ஒன்று. மொத்தம் பதினாலு பைட். வரிசையை மாற்றினால் பதிப்பு எண்ணையும் மாற்ற வேண்டும், அது ஒன்றுதான் விதி. பேச்சு நின்ற பிறகும் ரூபன் அந்தப் பெட்டியைப் புது வீட்டில் மாட்டியிருந்தான். அண்ணனும் படித்துக்கொண்டிருந்தார்.

"போன் பண்ணா அந்தப் பக்கம் எடுக்க மாட்டாரா உங்க மகன்?"

"எடுப்பான். எடுத்துட்டு 'என்னப்பா?'ன்னு கேட்பான். நான் என்ன சொல்றது?"

"அவருக்காவது தெரியுமா, நீங்க இதைப் படிக்கிறது?"

"தெரியாது. கோப்பை யார் படிக்கிறாங்கன்னு எழுதுறவனுக்குத் தெரியாது." தலைக்கவசத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார், "ஆனா அவன் அதைக் கழட்டி எறியல பாரு. கழட்ட ஒரு நிமிஷம் போதும். கழட்டாத வரைக்கும் எனக்கு ஒரு மகன் இருக்கான்."

"கழட்டிட்டா?"

"அப்ப முடிஞ்சது," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று வருடமாக ஒரு மனிதர் ஒரு 'ஆம்' வருவதற்காக உட்கார்ந்திருக்கிறார், அதை வாங்கிக்கொண்டு பேச்சுத்துணை இல்லாத வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். இப்படியும் ஒரு தனிமை உண்டா என்று அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணன் வெளிறிப்போய் வந்தார். திரையில் எண்கள் பைத்தியம் பிடித்துக் கிடந்தன. பதிப்பு எண் எழுபத்தொன்று என்றது. நேரம் எந்த யுகத்துக்கும் சேராத ஒரு வருடத்தைக் காட்டியது. சூடு ஒரு சமயம் பூஜ்யம், மறு சமயம் சூரியனுக்குள்ளே இருப்பதுபோல் ஒரு எண்.

"அலமாக்! என்னண்ணே ஆச்சு?"

"பெட்டி கெட்டுப்போயிருக்கணும். இல்லைன்னா..." அந்த இல்லையென்றாலை அவர் முடிக்கவில்லை. மகன் பெட்டியைப் பிரித்துப் போடுகிறான் என்று பயந்துவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நான் தாப்பாவ் கட்டி வாங்கி வந்த நாசி லெமாக் சோறு அவர் மேசையிலேயே காய்ந்தது.

"ஒரு போனைப் போட்டு பெட்டி கெட்டுப்போச்சான்னு கேளுங்கண்ணே, லா! இதுக்கு என்ன வெட்கம்?"

"கேட்டா, கல்யாணத்துக்கு வராதவர் மூணு வருஷமா வீட்டை வேவு பார்த்திருக்காருன்னு ஆயிடும்."

அதற்குமேல் நான் பேசவில்லை. பேசினால் கையில் இருந்த கணிப்பானை எறிந்திருப்பேன்.

மறுநாள் மத்தியானம் மூலையிலிருந்து பட்டென்று மேசையைத் தட்டும் சத்தம். அண்ணன்தான். கோப்பை அப்படியே பைட் பைட்டாகத் திரையில் விரித்துவைத்து, காலையிலிருந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரத்தைக் காட்டும் எட்டு பைட்டுகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும், கடைசிச் சில மட்டும்தான் மாறும். அந்த ஜாடை எங்கெங்கே திரும்ப வருகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறார். பதினாலுக்கு ஒருமுறை வரவேண்டியது பதினெட்டுக்கு ஒருமுறை வந்தது.

"கெட்டுப்போகல ஷாமளா! நடுவுல நாலு பைட் புதுசா சொருகியிருக்கான். சூட்டுக்கும் விளக்குக்கும் நடுவுல. பதிப்பு எண்ணை மாத்தவே இல்ல, மடையன்! இருந்தது ஒரே ஒரு விதி, அதையும் மீறிட்டான்!" திட்டிக்கொண்டே சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த நாலு பைட் என்ன என்பது அடுத்த கேள்வி. முழு எண்ணாகப் படித்தால் நூற்றேழு கோடிக்குமேல் வந்தது. வீட்டில் நூற்றேழு கோடி எதற்கு இருக்கப்போகிறது? இரண்டிரண்டாகப் பிரித்துச் சின்ன எண்களாகப் படித்தால் ஒன்று பதினாறாயிரம் சொச்சம், மற்றது பூஜ்யத்துக்கும் கீழே. கடைசியில் சூட்டைப் போலவே நாலு பைட் தசம எண்ணாகப் படித்தார். மூன்று புள்ளி ஒன்று இரண்டு. அதில் ஒரு குழப்பமும் இல்லை. அதே எண் நாள் முழுக்க மாறாமல் வந்தது. மறுநாள் காலையில் ஒரே ஒரு தடவை மாறி, மூன்று புள்ளி சுழியம் நான்கு ஆனது.

அண்ணன் நாற்காலியைத் திருப்பி, சம்பந்தமே இல்லாமல் என்னிடம் கேட்டார்:

"உன் பிள்ளைங்க பிறந்தப்போ எவ்வளவு எடை இருந்தாங்க?"

"மூத்தவன் மூணு கிலோ இருநூறு. சின்னவ மூணுக்குக் கொஞ்சம் கம்மி. ஏண்ணே?" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் புரிந்துவிட்டது. மருமகள் முழுகாமல் இருந்தது அவருக்குத் தெரியாது. பிறந்தது தெரியாது. யாரும் சொல்லவில்லை. தாத்தா ஆன செய்தி அவருக்குப் பேர்கூட இல்லாத நாலு பைட்டாக வந்து சேர்ந்திருக்கிறது. நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை, கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சரி, இனிமேலாவது போன் பண்ணுவார் என்று பார்த்தால், அதுவும் இல்லை. சொல்லாமல் இருக்கிறார்கள் என்றால் வரவேண்டாம் என்றுதானே அர்த்தம் என்று சாதித்தார். அடுத்த நாள் எண் இன்னும் இறங்கியது. இரண்டு புள்ளி ஒன்பது ஐந்து. அண்ணன் தன் நிரலை இரண்டு தடவை சரிபார்த்தார். பிழை இல்லை என்று தெரிந்ததும் என் மேசைக்கு வந்து நின்றார்.

"தினமும் குறையுது ஷாமளா. பிள்ளைக்கு என்னமோ சுகமில்ல."

பிறந்த குழந்தை முதல் சில நாள் கொஞ்சம் எடை குறைவது வழக்கம். அப்புறம் தானாக ஏறிவிடும். மூத்தவன் குறைந்தபோது நானும் கத்தி ஊரைக் கூட்டினேன். ஆஸ்பத்திரித் தாதி சிரித்துவிட்டுப் போனாள். பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. ஞானேஸ்வரி அக்கா இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் அவரை உட்காரவைத்திருப்பார். நானும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"குறையுதா? குறையக் கூடாதேண்ணே," என்றேன், முகத்தை முடிந்த அளவு கவலையாக வைத்துக்கொண்டு. "நேர்ல போய்ப் பார்த்துடறதுதான் நல்லது."

அவர் விடுப்புப் பாரம்கூட எழுதவில்லை. மறுநாள் விடியற்காலையிலேயே கிளம்பி, மோட்டாரை ஜொகூர் பாருவில் நிறுத்திவிட்டு, பஸ் ஏறி, சிங்கப்பூருக்குப் போகும் பாலத்து நெரிசலில் நின்று, அந்தப் பழைய அழைப்பு அட்டையில் இருந்த முகவரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். போய் வந்து பல நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் துருவித் துருவிக் கேட்டுச் சேர்த்த கதை இது.

கதவைத் திறந்தது ரூபன். தோளில் பிள்ளை. மூன்று வருடம் கழித்து அப்பா மகனிடம் பேசிய முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"பதிப்பு எண்ணை ஏன்டா மாத்தல?"

ரூபன் பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றினானாம். அப்புறம், "அப்பா... நீங்க அதை இன்னும் படிக்கிறீங்களா?" என்றானாம்.

"பிள்ளைக்கு எடை குறையுதே, டாக்டர்கிட்ட காட்டினியா?"

"எல்லாப் பிள்ளைக்கும் முதல்ல குறையும்பா. இன்னைக்குக் காலையில ஏறிடுச்சு."

உள்ளேயிருந்து தர்மினி வந்து, "மாமா, உள்ள வாங்க, வெயில்ல நிக்கிறீங்களே" என்று செருப்பைக் கழற்றும்வரை காத்திருந்து கூட்டிப்போனாள். பேத்தியைக் கையில் கொடுத்தார்கள். பேர் வைக்கவில்லை, முப்பத்தோராம் நாள்தான் வைப்பார்களாம். மூன்று வருடச் சண்டையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தேநீர் குடித்தார்கள். அக்காவின் படம் கூடத்தில் மாலையோடு மாட்டியிருந்ததை அண்ணன் பார்த்தார்.

"சரி, எடையை எதுக்கு அதுல போட்டான்னு கேட்டீங்களா? உங்களுக்குத் தெரியணும்னுதானே?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"இல்ல," என்றார். "தினமும் எடையைக் குறிச்சு வைக்கணும்னு மருமக சொல்லியிருக்கா. கைக்குக் கிடைச்சது அந்தப் பெட்டி. யாரும் படிக்கலைன்னு நினைச்சிருக்கான். அதனாலதான் பதிப்பு எண்ணை மாத்தல. படிக்க ஆளில்லாத கோப்புக்கு எதுக்குப் பதிப்பு எண்?"

"அப்ப இத்தனை வருஷம் ஏன் நிறுத்தாம வச்சிருந்தாரு?"

"அதைக் கேட்டேன். நிறுத்த மனசு வரலைன்னான்."

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் ரசீதுகளுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். இந்தக் குடும்பத்து ஆட்களைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும் போலிருந்தது.

அன்று அவர் கிளம்பும்போது ரூபன் சொன்னானாம், "இனிமே அந்தப் பெட்டி எதுக்குப்பா? நானே போன் பண்றேன், படம் அனுப்புறேன். தர்மினிக்கும் யாரோ பார்க்கிற மாதிரி ஒரு கூச்சம்." ஞாயந்தானே. அண்ணனும், "ஓம், கழட்டிடு" என்றார். நாற்காலியில் ஏறி மகன் பெட்டியைக் கழற்ற, அப்பா கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அலுவலகம் முழுக்க லட்டு கொடுத்தார். இப்போது ஞாயிறுதோறும் ரூபன் கூப்பிடுகிறான். மாதத்தில் ஒருநாள் அண்ணன் பாலத்தைத் தாண்டுகிறார். பேத்தி படத்தைக் கேட்காதவர்களுக்கும் காட்டுகிறார். நான் சொன்ன ஒரு பொய்யால் நடந்த நல்ல காரியம் என்று எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது, ஒளிப்பானேன்.

போன மாதம் கணக்குத் தணிக்கைக்காக நான் ஆறு மணிக்குமேல் உட்கார வேண்டியிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால் மூலையில் அண்ணன் இருக்கிறார். கணினி அணைந்திருந்தது. தலைக்கவசம் மடியில் இருந்தது.

"என்னண்ணே, வேலை இல்லையே, கிளம்பலையா?"

"கிளம்பணும்."

"பேத்தி வந்துட்டா, மகன் பேசுறாரு, இன்னும் என்ன யோசனை? சந்தோஷமா இருக்க வேண்டியதுதானே?"

"சந்தோஷந்தான் ஷாமளா. ஞாயித்துக்கிழமை அவ என்னைப் பார்த்துச் சிரிச்சா." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழாகப் போகுது. அவன் வீட்டுக்கு வந்துட்டானா இல்லையான்னு தெரியல."

"அட, போனை எடுத்துக் கேளுங்கண்ணே! இப்பத்தான் பேசுறீங்களே."

"முப்பத்து மூணு வயசு ஆளு, பிள்ளை பெத்தவன். அவனைப் போய்த் தினமும் வீட்டுக்கு வந்துட்டியான்னு எப்படிக் கேக்கிறது?"